நாரி நோவுக்கு நான் சொன்ன இலக்கங்கள்

கண்ணாடிப் போத்தல் பன்னிரண்டு அடுக்கிய தண்ணீர்ப் பெட்டி ஒன்றை இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு தூக்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நான் மூன்று பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வயிற்றோடு அணைத்து, ஒரே தூக்கில் தூக்குவேன். மூன்றும் சேர்ந்தால் ஒரு மூட்டை அரிசி. ஜேர்மனியில், வுப்பர்டாலில், கடைகளுக்குத் தண்ணீரும் சோடாவும் பியரும் அனுப்புகிற ஒரு களஞ்சியத்தில் பதின்மூன்று வருடம் இப்படித் தூக்கினேன். ஜேர்மன்காரர், துருக்கியர், போலந்துக்காரர் என்று எத்தனையோ பேர் வந்து போனார்கள். என்னைப்போல் தூக்க ஒருவராலும் ஏலவில்லை. இதைக் களஞ்சியப் பொறுப்பாளரே எல்லாருக்கும் முன்னால் சொன்னவர். நானும் சொல்லிக்கொண்டுதான் திரிந்தேன்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இந்த நாட்டுப் பாஷையைப் பெட்டி தூக்கித் தூக்கியே படித்தேன். மூன்று பிள்ளைகளை ஆளாக்கினேன். மூத்தவள் ஆஹெனில் பொறியியல் படிக்கப் போனாள். மேட்டுத் தெருவில் நாலாம் மாடியில் சொந்த வீடு. இதெல்லாம் என் இடுப்பு, என் நாரி, தந்தது. அதனால்தான் அந்த நாரி ஒரு நாள் மக்கர் பண்ணியபோது எனக்கு நம்ப முடியவில்லை.

யூரோ வந்து இரண்டாம் வருடம் என்று நினைக்கிறேன். பெட்டி தூக்கும்போது பிடித்திருந்தால் எனக்கும் ஒரு மரியாதை இருந்திருக்கும். நிலத்தில் கிடந்த போத்தல் மூடி ஒன்றைப் பொறுக்கக் குனிந்தேன். இடுப்புக்குப் பின்னால், நாங்கள் நாரி என்கிற இடத்தில், கொழுக்கி போட்டு இழுத்ததுபோல் ஒரு இழுவை. குனிந்தவன் குனிந்தபடியே நின்றேன். அந்த மூடியைக் கூட எடுக்கவில்லை.

முதல் மூன்று மாதம் எல்லாரும் போகிற வழியில்தான் போனேன். ஊசி மருந்து, குளிசை, மசாஜ். சூடான சேற்றுப் பொதியை முதுகின் கீழ் வைத்து இருபது நிமிடம் படுக்கவிடுவார்கள். வீட்டில் மனைவி நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிட்டாள். எல்லாம் அன்றைக்கு மட்டும் சுகம். பிறகு குழாய் மாதிரியான ஒரு இயந்திரத்துக்குள் விட்டுப் படமெடுத்தார்கள். ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை செய்கிறவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முள்ளந்தண்டில் இரண்டு எலும்புக்கு நடுவே இருக்கிற தட்டு பின்பக்கமாகப் பிதுங்கி நிற்கிறது, வெட்டலாம் என்றார்.

“வெட்டினால் திரும்பவும் மூண்டு பெட்டி தூக்குவனோ?” என்று கேட்டேன்.

“அதுக்கு நான் வாக்குத் தர மாட்டன்,” என்றார். ஆனால் இரண்டு மாதத்தில் வெட்ட நாள் குறித்து, டெர்மின் தந்தார்.

அந்த டெர்மின் எழுதிய தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டினோம். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் அது என்னைப் பார்த்தது. எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான்: கத்தி படாமல் என் களஞ்சியத்துக்குத் திரும்பிப் போகவேண்டும்.

எங்கள் பகுதியில் ஒரு எலும்பு மருத்துவர் இருந்தார். பெண். ஐம்பது வயது வரும். அவரிடம் போய்ச் சொன்னேன். கால் விரல்களை மடக்கச் சொல்லி, குதிக்காலில் நடக்கச் சொல்லி, காலில் பலம் குறையவில்லை, வெட்ட அவசரமில்லை என்றார். பிறகுதான் ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். (அவர்கள் பேசிய ஜேர்மனை என் பேச்சிலேயே எழுதுகிறேன். எனக்கு அப்படித்தான் ஞாபகத்தில் இருக்கிறது.)

“நாரி நோவுக்கு எது கேக்குது எண்டு பல்கலைக்கழகம் ஒண்டு ஆராய்ச்சி செய்யுது. மூண்டு கூட்டம். ஒரு கூட்டத்துக்குச் சீனர் சொல்லுற இடங்களிலை ஊசி குத்துவம். இன்னொரு கூட்டத்துக்கும் ஊசிதான், ஆனா வேறை விதமா. மூண்டாவது கூட்டத்துக்கு வழமையான குளிசையும் பயிற்சியும். ஆருக்கு எது எண்டு சீட்டுக் குலுக்கிற மாதிரித்தான் வரும். உங்களுக்குக் குத்தினது எந்த ஊசி எண்டு கடைசியிலைதான் சொல்லுவம்.”

“எனக்கு நல்ல ஊசியாப் பாத்துக் குத்துங்கோ,” என்றேன்.

“அது என்ரை கையிலை இல்லை. நீங்கள் செய்ய வேண்டியது ஒண்டுதான். கேக்கிற கேள்விக்குச் சரியான பதில் சொல்லோணும். இப்ப நோ எவ்வளவு? பூச்சியம் எண்டா நோவே இல்லை. பத்து எண்டா தாங்கேலாத நோ.”

“எட்டு,” என்றேன். அன்றைக்கு உண்மை சொன்னேன். அன்றைக்கு அவர் எனக்கு யாரோ ஒருவர்.

ஊசிக் கூட்டத்தில் விழுந்தேன். வாரத்தில் இரண்டு தரம், மொத்தம் பத்துத் தரம். குப்புறப் படுத்தால் அரை மணித்தியாலம். மயிர் மாதிரி ஊசிகள். நான் ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. பக்கத்து மறைப்புக்குள் ஒருவர் ஊசி பட முதலே ஐயோ என்று கத்துவார். எனக்குச் சிரிப்பு வரும்.

ஐந்தாம் தரம் ஒரு காரியம் நடந்தது. வெளியே பனி. ஊசி எடுத்து முடிந்து எழும்பி இருக்கிறேன், காலுறை நிலத்தில் கிடக்கிறது. வழமையாக உதவி செய்கிற பெண் அன்றைக்கு வரவில்லை. நான் குனியப் பார்க்கிறேன், ஏலவில்லை. மருத்துவர் நிலத்தில் முழங்காலில் இருந்து, என் காலைத் தன் மடியில் வைத்து, காலுறையை மாட்டிவிட்டார். மற்றக் காலுக்கும். பிறகு சப்பாத்து நாடாவையும் கட்டினார்.

அவருக்கு அது ஒரு வேலை. எனக்கு அப்படியில்லை. அவ்வளவு படித்த ஒரு பெண், மருத்துவர், என் காலைத் தொட்டுவிட்டார். எங்கள் ஆட்களில் யாருக்குத்தான் உடம்பு கூசாது? நான் காலை இழுக்கப் பார்த்தேன், நாரி விடவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லவே எனக்கு ஒரு நாள் எடுத்தது.

பத்தாம் தரம் முடிந்தது. மருத்துவர் தாளை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்.

“துவக்கத்திலை எட்டு. இப்ப?”

எட்டுத்தான். ஒரு வேளை ஏழு. ஆனால் அவர் பேனையைப் பிடித்தபடி என் முகத்தைப் பார்க்கிறார். என் காலைத் தொட்ட கை. அந்தக் கை செய்த வேலை பிழைத்துப்போச்சு என்று எந்த வாயால் சொல்லுவது?

“பூச்சியம்,” என்றேன்.

அவருடைய முகம் மலர்ந்ததை இப்போதும் மறக்கவில்லை. “நோ பாதி குறைஞ்ச ஆக்களுக்கு இன்னும் அஞ்சு தரம் குத்துறனாங்கள். உங்களுக்குத் தேவையே இல்லை,” என்றார். கை குலுக்கினார். நான் ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்து டெர்மினை வேண்டாம் என்றேன். குளிர்சாதனப் பெட்டியிலிருந்த தாளைக் கிழித்தேன். மருத்துவர் இருந்த கட்டடத்தின் படிகளில் அன்றைக்குப் பக்கவாட்டில், நண்டு மாதிரித்தான் இறங்கினேன் என்பதை யாரும் பார்க்கவில்லை.

அடுத்த கிழமை, பின்னேரம் ஆறு மணி வாக்கில், தொலைபேசி அடித்தது. ஆராய்ச்சிக்காரரின் ஆள், ஒரு பெண்பிள்ளை. குரலில் இருபத்தைந்து வயதுக்கு மேல் இராது. எனக்கு என்ன வைத்தியம் நடந்தது என்பது தனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது, நான் சொல்லவும் கூடாது, கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ என்றாள். நான் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு நிமிர்ந்து இருந்தேன். மனைவி அப்போதுதான் என் காலுறைகளைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

“போன கிழமை நோ எவ்வளவு?”

“பூச்சியம்.”

“சொக்ஸ் ஆற்றையும் உதவியில்லாமல் போட ஏலுமோ?”

“ஓம்.”

மனைவி காலுறையை என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினாள். நான் மற்றப் பக்கம் பார்த்தேன்.

“பத்துக் கிலோ பாரம், ஒரு வாளி தண்ணி மாதிரி, தூக்கிக்கொண்டு பத்து மீற்றர் நடக்க ஏலுமோ?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “தங்கச்சி, வாளியோ? நான் மூண்டு பெட்டி தூக்குறவன். வாளியைச் சின்ன விரலாலை தூக்குவன்.”

“அப்ப ஓம் எண்டு எழுதுறன்,” என்றாள் அவள், கொஞ்சமும் அசராமல்.

வைத்த பிறகு வீட்டில் வெடித்தது.

“ஆருக்கு நீங்கள் பொய் சொல்லுறியள்? அந்தப் பிள்ளை என்ன உங்களை மாப்பிளை பாக்கவே போன் எடுத்தது?”

“இஞ்சேர், சும்மா கத்தாதை. அந்த டொக்டர் என்ரை காலைத் தொட்டவ. அவவின்ரை வைத்தியம் சரிவரேல்லை எண்டு நான் ஊருக்குச் சொல்லுறதோ?”

“இருபத்தஞ்சு வருசமா நான் அவிச்ச புட்டு கல்லு மாதிரி எண்டு ஒரு நாளும் சொல்ல மறக்கேல்லை. எனக்கு மட்டும் உந்த மரியாதை வரேல்லை!”

புட்டு உண்மையில் அப்படித்தான்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். பொறுப்பாளர் தோளில் தட்டினார். இரண்டு நாள் ஒவ்வொரு பெட்டியாக, யாரும் கவனிக்காதபடி தூக்கினேன். மூன்றாம் நாள் பாரவண்டி ஓட்டுகிற போலந்துக்காரன் ஒருவன் வாசலில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்ன பெரியவர், இப்ப ஒண்டு ஒண்டோ? ஆஸ்பத்திரியிலை மற்ற ரெண்டையும் வெட்டி எடுத்திட்டினமோ?”

மூன்றை அடுக்கினேன். தூக்கினேன். தூக்கினது மெய். வண்டி வரைக்கும் ஆறு அடி. நாலாம் அடியில் கொழுக்கி மறுபடி விழுந்தது. பெட்டிகள் கையை விட்டுப் போயின. முப்பத்தாறு போத்தலும் சீமெந்துத் தரையில் உடைந்து, வாயுத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு என் சப்பாத்தைச் சுற்றி ஓடியது. நான் நிற்கவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் ஒரு தூணைக் கட்டிப்பிடித்தேன். அந்தப் போலந்துக்காரன்தான் முதலில் ஓடிவந்தான். அவனும் பொறுப்பாளரும் சேர்ந்து என்னை மரப் பலகைத் தட்டில் ஏற்றி, பெட்டி இழுக்கிற கைவண்டியில் வைத்து வாசல் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார்கள். பதின்மூன்று வருடம் நான் இழுத்த வண்டி.

பிறகு வீட்டின் நடு அறையில் நிலத்தில் படுக்கை. இரண்டு மாதத்துக்குக் கிட்ட. அந்த மருத்துவரிடம் போக வெட்கம். குடும்ப வைத்தியர் குளிசை தந்தார். மறுபடியும் வெட்டுவதைப் பற்றிக் கதைத்தார். பொறுப்பாளர் ஒரு நாள் வந்து பார்த்து, வசந்தத்தில் நிறுவனத்தின் வைத்தியர் என்னைச் சோதிப்பார், அவர் ஏலாது என்றால் களஞ்சியத்தில் எனக்கு இடமில்லை என்று தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டுப் போனார்.

அப்படிக் கிடக்கும்போது அந்தப் பெண்பிள்ளை இரண்டாம் தரம் எடுத்தாள். மனைவி தொலைபேசியைக் கொண்டுவந்து என் நெஞ்சில் வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்துத் தலைமாட்டில் நின்றாள்.

“இந்த முறையும் பூச்சியம் எண்டு சொன்னா, போனை நான் வாங்கிக் கதைப்பன். என்ரை ஜேர்மன் உங்களுக்குத் தெரியும்தானே.”

அவளுடைய ஜேர்மன் என்னுடையதை விடத் திறம். அது எனக்குத் தெரியும்.

“போன கிழமை நோ எவ்வளவு?”

“ஒன்பது,” என்றேன்.

அந்தப் பக்கத்தில் தட்டச்சுச் சத்தம் மட்டும் கேட்டது.

“சொக்ஸ்?”

“ஏலாது. மனிசிதான் போட்டு விடுறவ.”

“ஒரு வாளி தண்ணி?”

நோவுக்கு ஒன்பது சொல்லிவிட்டேன். காலுறைக்கு ஏலாது சொல்லிவிட்டேன். வாளிக்கு வாய் திறக்கவில்லை. தலைக்கு மேலே மின்விளக்கைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். அவள் அவசரப்படுத்தவில்லை. மனைவி இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். மெல்ல நிலத்தில் எனக்குப் பக்கத்தில் இருந்துவிட்டாள்.

“ஏலாது, தங்கச்சி,” என்றேன் கடைசியில். “போன தரமும் ஏலாதுதான். போன தரம் சொன்னது முழுக்கப் பொய். அதை அழிச்சுப்போட்டு இதை எழுதுங்கோ.”

“அழிக்க எனக்கு உரிமை இல்லை. அண்டைக்குச் சொன்னது அண்டையான் பதிலா அப்பிடியே இருக்கும். நீங்கள் இப்பிடிச் சொன்னீங்கள் எண்டு ஒரு குறிப்பு எழுதலாம்.”

“எழுதுங்கோ.”

“உங்கடை டொக்டரிட்டையும் இதைச் சொல்லுங்கோ,” என்றாள். அது அவளுடைய கேள்வித்தாளில் இருந்திருக்காது.

அடுத்த நாள் காலை மனைவி என்னைப் பிடித்து நாலு மாடியும் இறக்கினாள். மருத்துவர் என்னைக் கண்டதும் சிரித்தார். நான் நடந்த விதத்தைக் கண்டதும் சிரிப்பு நின்றது. எல்லாவற்றையும் சொன்னேன். பத்தாம் தரத்தன்றும் எட்டுத்தான் என்றேன்.

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது.

“என்ரை ஆக்களுக்குள்ளை பூச்சியம் சொன்னது நீங்கள் ஒராள்தான்,” என்றார். “அண்டைக்கு ராத்திரிச் சாப்பாட்டிலை என்ரை மனிசனுக்கும் சொன்னனான்.”

“நீங்கள் என்ரை காலைத் தொட்டுச் சொக்ஸ் போட்டு விட்டனீங்கள். அதுக்குப் பிறகு எப்பிடி டொக்டர் உங்களைக் குறை சொல்லுறது?”

அவருக்கு முதலில் விளங்கவேயில்லை. மனைவி இடையில் புகுந்து, பெரியவர்களின் காலைத் தொடுவதென்றால் எங்களுக்குள் என்ன என்று விளக்கினாள். மருத்துவர் தன் கைகளைப் பார்த்தார்.

“நான் ஒரு நாளைக்கு எத்தினை காலைத் தொடுறன்! அதுக்குப் பதிலா எனக்கு ஏதாவது தரோணும் எண்டா, சரியான இலக்கத்தைத் தந்திருக்கலாம். எட்டு எண்டு சொல்லியிருந்தா அண்டைக்கே வேறை வழி பாத்திருப்பன். உங்களை வேலைக்குப் போக விட்டிருக்க மாட்டன்.”

மறுபடியும் குதிக்காலில் நடக்கவிட்டுப் பார்த்தார். கால் பலம் குறையவில்லை. தட்டுப் பிதுங்கியிருப்பதைப் பற்றி அன்றைக்குத்தான் எனக்குப் புரியும்படி சொன்னார்: நோவே இல்லாத ஆட்களைப் படமெடுத்தாலும் நிறையப் பேருக்கு அப்படிப் பிதுங்கியிருக்கும், படம் வேறு, நோ வேறு. படுத்துக் கிடக்கச் சொல்வது பழைய வைத்தியம், இப்போது நோ இருக்க இருக்கவே அசையப் பழக்குகிறார்கள் என்றார். மூன்று கிழமை, நாள் முழுக்கப் பயிற்சி தரும் ஒரு இடத்துக்கு அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், எழுதினார். “இதிலையும் ஏலாமல் போனா, கத்தியைப் பற்றிக் கதைப்பம்.”

அங்கே முதல் நாள் பயிற்சிக்காரர் ஒரு போத்தல் பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். வெறும் பெட்டி. ஒரு போத்தல்கூட இல்லை.

“என்னைப் பாத்தா உங்களுக்குப் பகிடியாக் கிடக்கோ?” என்று கேட்டேன்.

“தூக்குங்கோ. தூக்கிப்போட்டு இலக்கத்தைச் சொல்லுங்கோ.”

தூக்கினேன். “ஆறு,” என்றேன். வெறும் பெட்டிக்கு ஆறு! அவர் எழுதினார். அடுத்த நாள் இரண்டு போத்தல். அதற்கு அடுத்த நாள் நாலு. நோ கூடினாலும் குறைந்தாலும் அன்றைக்கு எத்தனை என்று முதலே தீர்மானித்ததைத்தான் தூக்கவேண்டும். ஒன்று கூடவும் இல்லை, ஒன்று குறையவும் இல்லை. நல்லாக இருக்கிற நாளில் நான் கூட இரண்டு போத்தலை வைக்கப் பார்த்தால் எடுத்துவிடுவார். எனக்கு அதுதான் கடினம். நடக்கவிட்டார்கள், பந்து எறியவிட்டார்கள், முதுகுத் தசையை இயந்திரத்தில் இழுக்கவிட்டார்கள். நோ நாலு இருக்கும்போதே தூக்கலாம், தூக்கினதால் நாரி முறியாது என்பதை நான் நாற்பத்தொன்பதாம் வயதில் படித்தேன். பள்ளிக்கூடத்தில் ஐந்து வருடம் படித்ததை விட அங்கே மூன்று கிழமையில் படித்தது கூட. வகுப்பில் முதலாவதாக வந்தேன் என்றும் சொல்லலாம். பன்னிரண்டு போத்தலும் நிறைந்த பெட்டியைக் கடைசி நாளில் தூக்கினது என் கூட்டத்தில் நான் மட்டும்தான். இலக்கம் நாலு.

வசந்தத்தில் நிறுவனத்தின் வைத்தியர் சோதித்தார். ஒரு பெட்டி, ஒரு நேரத்தில் ஒன்று, பாரந்தூக்கி வண்டி ஓட்டப் பழகினால் களஞ்சியத்தில் இருக்கலாம் என்று எழுதினார். பாரந்தூக்கிக்கு எழுத்துச் சோதனை உண்டு. முதல் தரத்திலேயே பாஸ் பண்ணினேன். அந்தப் போலந்துக்காரன் என்னை வண்டியில் கண்டு, “பெரியவர், இப்ப முப்பது பெட்டியோ?” என்றான். “முப்பத்தாறு,” என்றேன்.

அந்தப் பெண்பிள்ளை மூன்றாம் தரமும், கடைசித் தரமாக, எடுத்தாள். நோ மூன்று என்றேன். வாளி தூக்குவேன் என்றேன். “நீங்கள் கேக்கேல்லை, எண்டாலும் எழுதுங்கோ: மூண்டு பெட்டி ஏலாது.” அவள் அதை எழுதினாளோ தெரியாது.

கடைசியாக மருத்துவரிடம் போனபோது, கவர் ஒன்றைத் திறந்து, எனக்குக் குத்தினது எந்த ஊசி என்று காட்டினார். சீனர் சொல்கிற இடங்களில் இல்லை. வேறு இடங்களில், மேலோட்டமாகக் குத்தின ஊசிதான். அதுவும் சிலருக்குக் கேட்டது என்றார். அதற்கு ஏன் என்று படித்தவர்களுக்கே இன்னும் சரியாகத் தெரியாதாம். எனக்கு ஊசியைப் பற்றிக் கவலையில்லை. என் பூச்சியம்தான் அந்த ஆராய்ச்சிக்குள் இருக்கிறது. எத்தனையோ பேருடைய உண்மை இலக்கங்களுக்கு நடுவில், ஒரு குறிப்போடு, அது குந்திக்கொண்டிருக்கிறது. “எடுக்க ஏலாதோ?” என்று அவரையும் கேட்டேன். ஏலாது என்றார்.

“ஆஸ்பத்திரி டெர்மின் திரும்ப எடுக்கவோ?” என்று கேட்டார்.

“வேண்டாம்.”

“இப்ப இலக்கம் என்ன?”

“மூண்டு.”

“மெய்யே?”

“காலமை நாலு. இப்ப மூண்டு.”

சோதனை மேசையிலிருந்து இறங்கினேன். காலுறைகள் கதிரைக்குக் கீழே கிடந்தன. அவர் ஓரடி முன்னால் வந்தார். பிறகு நின்று, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். நான் கதிரையில் இருந்து, வலது காலை இடது முழங்காலின் மேல் தூக்கி வைத்து, பயிற்சிக்காரர் சொல்லித் தந்த மாதிரி மூச்சை விட்டுக்கொண்டு மாட்டினேன். நேரம் எடுத்தது. வெளியே இன்னும் ஆட்கள் காத்திருந்தார்கள். அவர் அசையவில்லை. பிறகு மற்றக் காலைத் தூக்கி வைத்தேன்.